ராயல் ஓக் ஜம்போ: 40-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 50-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு

சுவிஸ் வாட்ச் நிறுவனமான ஓடமார் பீகேயின் ராயல் ஓக் ஜம்போ கைக்கடிகாரத்தில் இரண்டு ஆண்டுவிழாப் பதிப்புகளை அன்றாடம் கட்டிப் பழகியிருக்கிறேன். முதலில் 2012-இல் வந்த 15202 என்ற எண்ணுள்ள மாடல். இப்போது கட்டுவது 2022-இன் 16202, எஃகு மாடல். இரண்டையும் அருகருகே வைத்தால் வாட்ச் தெரிந்தவர்கூடக் கொஞ்சம் தயங்குவார்.

அப்படித்தான் இருக்கவும் வேண்டும். வாட்ச் வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா வரைந்து 1972-இல் பாசெல் கண்காட்சிக்கு வந்த முதல் ராயல் ஓக் 39 மி.மீ. அளவு, விலை 3,300 சுவிஸ் பிராங்க். எண்கோண பெசல் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்), அதில் எட்டு அறுகோணத் திருகுகள், வாட்சின் உடலான கேஸோடு ஒன்றாய்ச் சேர்ந்த செயின், குட்டிக் குட்டிச் சதுரங்கள் செதுக்கிய நீல டயல். விநாடி முள் கிடையாது. இதில் எதிலும் கை வைக்கவில்லை. டயலில் நிறுவனப் பெயரின் சுருக்கமான 'ஏபி' எழுத்து முதல் வாட்சில் 6 மணிக்கு மேலே இருந்தது. இடையில், 2012-க்கு முன் இதே எண்ணில் வந்த 15202-இல் 12 மணிக்குக் கீழே போய்விட்டது. 2012-இல் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். 16202-இலும் அங்கேதான்.

மாறியது உள்ளே இருக்கும் இயந்திரம். 1972-இலிருந்து ஜம்போவில் ஓடியது 2121. மெலிந்த, அழகான இயந்திரம், ஆனால் 40 மணி நேரம்தான் தாங்கும். சனிக்கிழமை காலை கழற்றி வைத்தால் திங்கள் விடியுமுன் நின்றிருக்கும். அப்புறம் தேதி. அதைத் தனியாக மாற்ற வழியில்லை. முள்ளை நள்ளிரவு தாண்டித் தாண்டிச் சுற்றித்தான் சரியான நாளுக்கு வர வேண்டும். சில நாள் கட்டாமல் விட்டால் அதுவே ஒரு வேலை. 16202-இல் வந்த 7121 சுமார் 55 மணி நேரம் ஓடுகிறது, தேதியை ஓரத்துச் சிறு குமிழான கிரவுனிலேயே நேராக மாற்றிவிடலாம். 30 நாள் மாதம் முடிந்த காலையில், சட்டைப் பொத்தான் போடுகிற நேரத்தில் 31-ஐ 1 ஆக்கிவிட்டுக் கிளம்புகிறேன். இத்தனைக்கும் கேஸின் கனம் பழையபடி 8.1 மி.மீ.தான். முழுக்கைச் சட்டையின் பட்டிக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது.

2121-இல் எனக்குப் பிடித்தது அதன் சத்தம். மணிக்கு 19,800 துடிப்பு. காதில் வைத்தால் நிதானமாகக் கேட்கும். 7121 மணிக்கு 28,800 துடிப்பு, சுறுசுறுப்பு கூடுதல். அந்த ஒன்றில் பழையதற்கே என் ஓட்டு.

2022-இல் செய்தவற்றில் மட்டும் பின்பக்கக் கண்ணாடி வழியே தெரியும் ரோட்டரில் (கை அசைவில் சுழன்று வாட்சுக்குச் சாவி கொடுக்கும் பாகம்) '50' என்று வெட்டியிருப்பார்கள். மறுவருடம் அது இல்லை. இந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அன்றாடம் கைக்கு உதவுவது 7121. அது 2023-இல் வாங்கியவருக்கும் கிடைத்திருக்கிறது.

குறைகளும் உண்டு. செயின் கொக்கியில் நுணுக்கமாகத் தளர்த்த வழியில்லை. வெயில் காலத்தில் மணிக்கட்டு உப்பினால் இறுக்குகிறது, மழை வந்தால் தொளதொளக்கிறது. இந்த விலைக்கு இதைச் செய்திருக்க வேண்டும். கீறல் இன்னொன்று. பெசலின் மேற்பரப்பு கோடு கோடாகத் தேய்த்தது, ஓரச் சரிவோ கண்ணாடிபோலப் பளபளப்பது. மேசையில் லேசாக உரசினாலும் அந்தச் சரிவில் தெரிந்துவிடும். அதற்காக அடிக்கடி பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கூர்மையான விளிம்பு கொஞ்சம் மழுங்கும், மழுங்கியது திரும்ப வராது. என்னுடையதில் கீறல்களை அப்படியே விட்டிருக்கிறேன்.