6,500 ரூபாய்க்கு வாங்கின நிறை பாக்கிற மெசின்: நிறை சரி, மத்ததெல்லாம் சும்மா கதை

போன வருசக் கடைசியில கிளினிக்கில பாஸ்டிங் சுகர் (விடிய வெறும் வயித்தில பாக்கிறது) 118 எண்டு வந்தது. டொக்டர் பெருசாப் பயப்படுத்தேல, "இன்னும் வருத்தமில்ல, ஆனா வாசலுக்கு வந்திட்டுது" எண்டவர், நிறையக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி அனுப்பினவர். நான் வீட்ட வாற வழியிலயே டவுணுக்க ஓட்டோவ நிப்பாட்டி ஒரு எலக்ட்ரோனிக் கடையில இந்த மெசின வாங்கிட்டன். மேல கண்ணாடித் தட்டு, போனோட புளூடூத்தில சேரும், நிறையோட கொழுப்பு, தசை, எலும்பு, தண்ணி, "உடல் வயது" எண்டு 13 விசயம் காட்டுமாம். கடைக்காரப் பொடியன் "அக்கா இது லாப் ரிப்போர்ட் மாதிரி" எண்டான். வாரண்டி கார்ட்டில சீல் குத்தித் தரேல எண்டத வீட்ட வந்துதான் கண்டன், திரும்பப் போய்க் கேட்டா "மெசின் பழுதானாக் கொண்டு வாங்கோ பாப்பம்" எண்டு கதை.

4 மாசம் பாவிச்சிட்டுத்தான் இத எழுதுறன்.

முதல் நல்லதச் சொல்லுறன். நிறை சரியாத்தான் காட்டுது. 5 கிலோ அரிசிப் பை ரெண்டத் தூக்கிக் கொண்டு ஏறிப் பாத்தன், 10 கிலோ கூடினது. ஆனா சீமெந்து நிலத்தில வைக்கோணும், பாயில காப்பெற்றில வச்சா விசர்க் கணக்குக் காட்டும். காலையில பாத்ரூம் போயிட்டு, ஒண்டும் குடிக்காமல், ஒரே இடத்தில வச்சுப் பாருங்கோ. நான் முதல் கிழமை ஒரு நாளைக்கு 5 தரம் ஏறி இறங்கி எனக்கு நானே தலையிடி தேடிக்கொண்டன். இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டா விடிய முக்கால் கிலோ கூட நிக்கும், அது கொழுப்பில்ல, உப்பு பிடிச்சு வச்ச தண்ணி. கந்தசஷ்டி விரதம் முடியேக்க 1.2 கிலோ குறைஞ்சு நிண்டத நம்பி அக்காவுக்கு போன் எடுத்துப் புளுகி, பாரணை முடிஞ்சு ரெண்டு நாளில முழுக்கத் திரும்பி வந்திட்டுது.

இப்ப நிறையத் தவிர்ந்த மத்த 12 விசயத்துக்கு வருவம். இந்த மெசின் காலடியில இருக்கிற தகட்டால எங்களுக்கே தெரியாத அளவுக்குச் சின்னக் கரண்ட் ஒண்ட விடுது. தசையில தண்ணி கூட, அதுக்குள்ளால கரண்ட் லேசாப் போகும், கொழுப்பு மறிக்கும், அந்த மறிப்ப அளந்து, நாங்க போட்ட வயசு உயரம் ஆணா பெண்ணா எல்லாத்தையும் சேத்து ஒரு சூத்திரத்தில போட்டுக் கொழுப்பு இவ்வளவு எண்டு சொல்லுது. கரண்ட் ஒரு காலால ஏறி மத்தக் காலால இறங்குற படியால வண்டிக்குள்ள, அதாவது வயித்துக்குள்ள, கிடக்கிற கொழுப்பு அதுக்கு வடிவாத் தெரியாது, அது ஊகம்தான். என்ட மகன் ஒரு நாள் பகிடிக்கு அப்பில என்ட வயச 44 இலயிருந்து 24 ஆக்கி ஏத்திப் பாத்தான், கொழுப்பு 38 வீதத்தில இருந்து 34க்கு இறங்கிட்டுது! ஒரு நிமிசத்தில. அதுக்குப் பிறகு அந்தப் பக்கமே நான் பாக்கிறேல்ல. (நெஞ்சில பேஸ்மேக்கர் வச்ச ஆக்கள் இத மிதிக்கவே கூடாது, பெட்டியில அது சின்ன எழுத்தில இருக்கு, பெருசா அடிச்சிருக்கோணும்.)

எனக்குப் பெரிய கோவம் பிஎம்ஐ கலரில. பிஎம்ஐ எண்டது கிலோவில இருக்கிற நிறைய, மீற்றரில இருக்கிற உயரத்தால ரெண்டு தரம் பிரிச்சா வாற நம்பர், 1830களில பெல்ஜியம் கணக்குக்காரர் ஒருத்தர், கெட்டலே எண்டு பேர், சனத்தின்ட சராசரியப் பாக்கப் போட்ட கணக்கு, ஒராள் சுகமா இருக்கிறாரோ எண்டு பாக்க இல்ல. இந்த அப் 25 வரைக்கும் பச்சை காட்டுது. எங்கட ஆசியச் சனத்துக்கு 23 தாண்டினாலே கவனம் எண்டு 2004இல உலக சுகாதார ஸ்தாபனத்தின்ட நிபுணர் குழு சொல்லியிருக்கு, ஏனெண்டா எங்கட ஆக்களுக்குக் குறைஞ்ச நிறையிலயே சுகர் வந்திடுது. என்ட மனுசன் 170 சென்ரிமீற்றர், 72 கிலோ, பிஎம்ஐ 24.9, பச்சை. ஒரு கிழமையா "நான் நோர்மல், நீதான் பாத்துக்கொள்" எண்டு சொல்லிக்கொண்டு இரவில கொத்து சாப்பிட்டவர். தையல் மெசின் லாச்சிக்குள்ள கிடந்த டேப்ப எடுத்து வண்டியச் சுத்திப் பிடிச்சன், 96 சென்ரிமீற்றர். எங்கட ஆம்பிளையளுக்கு 90, பொம்பிளையளுக்கு 80க்கு மேல போகக் கூடாது. ஆள் கதைக்கேல.

இங்க திருகோணமலையில, பாலையூற்றில இருக்கிற மாமா இன்னும் மோசம், 168 உயரம், 63 கிலோ, மெசின் சுத்தமான பச்சை காட்டுது, ஆள் 12 வருசமா சுகருக்குக் குளிசை போடுறார். கையும் காலும் ஈர்க்கு மாதிரி, வண்டி மட்டும் முன்னால நிக்கும். அந்த உள்வண்டிக் கொழுப்பும் ஈரல்ல படியிறதும்தான் இன்சுலின வேலை செய்ய விடாமப் பண்ணுறது, தொடையில இருக்கிற கொழுப்பு அவ்வளவு ஆக்கினை இல்ல. ஆனா நிறை ஒண்டுக்கும் உதவாது எண்டும் சொல்ல மாட்டன். அமெரிக்காவில சுகர் வாற நிலையில நிண்ட ஆக்கள வச்சு 2002இல வெளிவந்த ஆராய்ச்சியில, நிறையில 7 வீதம் குறைக்கிறது, கிழமைக்கு 150 நிமிசம் நடக்கிறது எண்ட இலக்கு வச்சவையளுக்கு, மத்தவையளோட பாக்க 58 வீதம் குறைவாத்தான் சுகர் வந்தது. என்ட 64 கிலோவில 7 வீதம் எண்டா நாலரைக் கிலோ, 20 கிலோ இல்ல. அதக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உவர்மலையில இருந்து இறங்கி டச்பே கரையால நடந்து கோட்டைக்குள்ள போய், மான்களத் தாண்டி கோணேசர் கோயில் மட்டும் ஏறுவன், கிழமையில 5 நாள். முதல் மாசம் ரெண்டு இடத்தில நிண்டு மூச்சு வாங்கினனான், இப்ப நிக்கிறேல்ல. பிளேன்டிக்குச் சீனி போடுறத விட்டிட்டன், பின்னேர றோல்ஸ் மட்டும் முழுக்க விடேலாது, கிழமைக்கு ஒண்டு. ரெண்டாம் மாசம் மெசினில அரைக் கிலோ கூடிட்டுது, அழுகை வந்தது, ஆனா இடுப்பு 89 இலயிருந்து 87க்கு வந்திருந்தது. இப்ப 61.8 கிலோ, இடுப்பு 84, பாஸ்டிங் 104. மெசின் எனக்கு இன்னும் "உடல் வயது 51" எண்டுதான் காட்டுது. போகட்டும்.

அப்ப வாங்கலாமோ? சாதாரணமா நிறை மட்டும் காட்டுற மெசின் இதில பாதிக் காசுக்குக் கிடைக்கும், அதோட ஒரு தையல் டேப். எனக்குத் தெரிஞ்சிருந்தா அதத்தான் வாங்கியிருப்பன். 5க்கு 2.5 குடுக்கிறன், அந்த அரை புள்ளி அம்மாவுக்காக. கனடாவில இருந்து வந்த தங்கச்சி திரும்பிப் போகேக்க அம்மா மிளகாய்த்தூள், கருவாடு, அரிசிமா எல்லாம் அடைச்ச சூட்கேசத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இதில ஏறி, தன்ட நிறையக் கழிச்சு 22.8 எண்டு கணக்குச் சொன்னவ. எயார்போட்டிலயும் 22.8 தான்.