படக்கதைப் புத்தகம்: இருமொழியா, தமிழ் மட்டுமா?

மகள் பாலர் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தூங்கும் முன் படிக்க, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படக்கதைகளையும் தமிழ் மட்டும் உள்ளவற்றையும் ஒரு வருடமாக மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்துவிட்டோம். இப்போது நான் தமிழ் மட்டும் கட்சி.

படம், தாள், விலை இவற்றில் சொல்லும்படி வித்தியாசமில்லை. 1996-இல் தொடங்கிய சென்னையின் தூலிகா பதிப்பகம் இரண்டு வகையும் போடுகிறது.

சிக்கல் கண்ணில்தான். மழைக்குப் பயந்த யானை ஒன்று சின்னக் குடைக்குள் ஒளியப் பார்க்கும் பக்கம். தமிழ் வரியில் விரலை வைத்து "கு... டை..." என்று எழுத்துக்கூட்டியவள், சட்டென்று கீழே இருந்த ஆங்கில வரியைக் கடகடவென்று படித்துவிட்டு, "முடிஞ்சிருச்சுப்பா, திருப்புங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பள்ளியில், விளையாட்டுத் திடலில், மின்தூக்கியில் எல்லாம் ஆங்கிலம். தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும்? ஆங்கில வரிமேல் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டிப் பார்த்தேன். அதைக் கிழித்து எட்டிப் பார்ப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது. நூலகப் புத்தகத்தில் அதுவும் செய்ய முடியாது.

தமிழ் மட்டும் உள்ள புத்தகத்திலும் திணறுகிறாள். ஆனால் திணறும்போது கண் படத்துக்குப் போகிறது. 'துதிக்கை' என்ற சொல்லை நான் விளக்கவே இல்லை. குடைக் கம்பியைச் சுற்றியிருந்ததைப் பார்த்து அவளே பிடித்துக்கொண்டாள். கிறுக்குத்தனமான கதைகளுக்கு இது இன்னும் பொருந்தும். யானை குடைக்குள் நுழைவது படத்தில்தான் வேடிக்கை, மொழிபெயர்ப்பில் இல்லை.

தமிழ் படிக்கத் தடுமாறும் பெற்றோருக்கு இருமொழிப் புத்தகம்தான் சரி, அந்த ஆங்கில வரி பிள்ளைக்கல்ல, அவர்களுக்கு. தொடக்கநிலை மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எது ஒத்துவரும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

வாங்குவதற்கு முன் நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். எங்கள் நூலகத்தில் இரவல் காலம் 21 நாள். அதற்குள் அவள் இரண்டாம் முறை கேட்ட புத்தகத்தை மட்டும் நாங்கள் காசு கொடுத்து வாங்குகிறோம். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் திரையில் மொழியை மாற்ற ஒரு தட்டு போதும் என்பதை அவள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள்.

போன வாரம் 'ஒளிந்துகொண்டது' என்று இருந்ததை, வழக்கம்போல, "ஒளிஞ்சிக்கிச்சு" என்று படித்தேன். விரலை அந்த எழுத்துகள்மேல் வைத்து, "அப்பா, இங்க அப்படிப் போடலையே" என்றாள்.