ஜாஸ் ஒலிப்பதிவுகளோடு நெடுநாள்: தேதி, ஆள், பிரதி

ஸ்ட்ரீமிங் செயலியில் ஜாஸ் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது காபிக்கடைப் பின்னணி இசை. அதைத் தள்ளிவிட்டு உள்ளே போனால் சுவிங், பீபாப், கூல், ஹார்ட் பாப், ஃப்ரீ, ஃப்யூஷன் என்று பாணிவாரியாகப் பட்டியல்கள். இவற்றை நம்பி ஜாஸுக்குள் வருபவர்கள் சீக்கிரமே சலித்துப் போகிறார்கள். பாணிப் பெயர்கள் பெரும்பாலும் பிறகு சூட்டியவை. நிஜத்தில் நடந்தது ஒலிப்பதிவு: ஒரு நாள், ஓர் அறை, சில கலைஞர்கள், அன்றைக்குக் கையில் இருந்த எந்திரம். இவற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டால் ஒரு பதிவு தானாக அடுத்த பதிவுக்குக் கூட்டிப்போகும். கூடவே, நம் காதுக்கு வருவது அந்தப் பதிவின் எந்தப் பிரதி என்பதையும் பார்க்கவேண்டும். பலருக்கு ஜாஸ் பிடிக்காமல் போவதற்கு மோசமான பிரதிதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் செயலியின் அமைப்புகள். ஷஃபிள், ஆட்டோபிளே, கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) மூன்றையும் அணைத்துவிடுங்கள். நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கைதட்டல் ஓடும். கிராஸ்ஃபேட் அதை நாசமாக்கும். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை 'லவுட்' நிலையில் வைக்கவேண்டாம். ட்ரம்ஸில் பிரஷ் உரசும் சத்தத்துக்கும் குச்சியால் அடிக்கும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளி அதில் சுருங்கிவிடும். கைபேசியின் அணுகல்தன்மை அமைப்புகளில் 'மோனோ ஆடியோ' (இரு காதுக்கும் ஒரே ஒலியைத் தருவது) எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜாஸ் என்று விற்பனைக்கு வந்த முதல் இசைத்தட்டு 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் பதிந்தது. வரலாற்றுக்காக ஒருமுறை கேட்டால் போதும். உண்மையான தொடக்கம் 1923 ஏப்ரலில், இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் ஜெனட் நிறுவனத்தின் கூடத்தில் கிங் ஆலிவர் குழு பதிந்த தட்டுகள். அப்போது மைக் கிடையாது. எல்லோரும் ஒரு பெரிய புனலின் முன் நின்று வாசிக்க, அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போட்டது. பேஸ் ட்ரம்மை ஓங்கி அடித்தால் ஊசி தடத்தைவிட்டுத் துள்ளிவிடும், அதனால் பேபி டாட்ஸ் பெரும்பாலும் மரக்கட்டையைத் தட்டியே ஒப்பேற்றினார். சத்தம் மிகுந்தவர்கள் பின்னால் நின்றார்கள். அப்படி நின்றவர்களில் ஒருவர் லூயி ஆம்ஸ்ட்ராங். அவருடைய முதல் தனி வாசிப்பு 'சைம்ஸ் ப்ளூஸ்' தட்டில் இருக்கிறது. இந்தப் பதிவுகளில் தாழ்ந்த சுரங்களும் இல்லை, உச்ச சுரங்களின் கூர்மையும் இல்லை, இருப்பது நடுப்பகுதி மட்டுமே. ஈக்வலைசரில் பேஸை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். சிறிய ஸ்பீக்கரில் மிதமான சத்தத்தில், ஆலிவர், ஆம்ஸ்ட்ராங் இருவரின் கார்னெட்டுகள் (ட்ரம்பெட் போன்ற ஊதுவாத்தியம்) எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று மட்டும் கேளுங்கள்.

1925-க்குப் பின் மின் ஒலிப்பதிவு வந்ததும் எல்லாம் மாறியது. 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் பதிவான ஆம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' நல்ல அளவுகோல். ட்ரம்பெட் தனியாகத் தொடங்கும் முதல் பன்னிரண்டு விநாடிகளை இரண்டு மூன்று பிரதிகளில் அடுத்தடுத்துக் கேளுங்கள். பின்னணியில் லேசான சரசரப்பு இருந்து, ட்ரம்பெட்டின் விளிம்பு பளிச்சென்று கேட்டால் அது நல்ல பிரதி. சரசரப்பே இல்லாமல், ட்ரம்பெட் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் இரைச்சல்நீக்கியை அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறார்கள். ஷெல்லாக் தட்டின் இரைச்சலும் ட்ரம்பெட்டின் மேல் அதிர்வுகளும் ஒரே அலைவரிசையில் கிடக்கின்றன. ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போய்விடும். இந்தத் தட்டுகளுக்கு ஜான் ஆர். டி. டேவிஸ் ஒலியை மீட்டெடுத்து ஜேஎஸ்பி நிறுவனம் வெளியிட்ட நான்கு சிடி தொகுப்பு இன்றைக்கும் நம்பிக்கையான பிரதி. இரைச்சலுக்குக் காது ஒரு வாரத்தில் பழகிவிடும், இழந்த ட்ரம்பெட்டை எதுவும் மீட்டுத்தராது.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பத்து அங்குலத் தட்டின் (78 தட்டு) ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். இதைக் குறையாக நினைத்துக் கேட்காதீர்கள். 1940 மார்ச்சில் டியூக் எலிங்டன் தன் குழுவோடு பதிந்த 'கோ-கோ' மூன்று நிமிடத்துக்குள் கட்டிய முழுக் கட்டடம். பாஸ் (தாழ்ந்த சுரம் தரும் பெரிய தந்திவாத்தியம்) வாசித்த ஜிம்மி பிளாண்டன் பாட்டின் பிற்பகுதியில் ஓரிரு பார் (தாள அளவு) தனித்துக் கேட்கும் இடத்தைப் பிடியுங்கள். பாஸ் வாத்தியத்தின் வேலையே அந்தக் காலத்தில்தான் மாறியது. அவர் 1942-இல் 23 வயதில் இறந்துவிட்டார்.

அதே 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக்குத் தடை விதித்தது. பெரிய நிறுவனங்களில் அது 1944 நவம்பர் வரை நீண்டது. பீபாப் உருவான ஆண்டுகள் தட்டில் அநேகமாக இல்லாமல் போனதும், 1945-இல் அது திடீரென்று முளைத்ததுபோல் தெரிவதும் இதனால்தான். 1945 நவம்பர் 26 அன்று சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் சவாய் நிறுவனத்துக்காகப் பதிந்ததும் 'கோ-கோ'தான்! எலிங்டனின் பாட்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தேடும்போது கவனம். இது 'செரோக்கி' என்ற பாட்டின் கார்டுகளின் (மெட்டுக்கு அடியில் ஓடும் சுரக்கூட்டுகள்) மேல் கட்டியது. பாதியில் நின்றுபோன முதல் டேக் (ஒருமுறை வாசித்துப் பதிவது) பல தொகுப்புகளில் இருக்கிறது. முன்னுரை முடிந்து 'செரோக்கி'யின் மெட்டையே வாசிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள். மெட்டுக்கு உரிமத்தொகை கட்டவேண்டும், கார்டுகளுக்கு யாரும் உரிமை கோர முடியாது. பீபாப்பில் பழைய பாட்டுகள் புதுப்பெயரில் உலவுவதற்குப் பெரிய காரணம் இது. இந்த ஒரு டேக்கைத் தவிர, புதிதாகக் கேட்பவர்கள் 'கம்ப்ளீட்' என்று பெயர் போட்ட பார்க்கர் தொகுப்புகளைத் தள்ளிவைக்கலாம். ஒரே பாட்டின் ஐந்து டேக் வரிசையாக வந்தால் எந்த மேதையும் அலுத்துவிடுவார். 'மாஸ்டர் டேக்ஸ்' என்று இருப்பதை எடுங்கள்.

1948-இல் அதிக நேரம் ஓடும் எல்பி தட்டு வந்தது, தனி வாசிப்புகள் நீண்டன. ஐம்பதுகளின் ப்ளூ நோட் நிறுவனப் பதிவுகளில் பெரும்பாலானவற்றைச் செய்த ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர். நியூஜெர்சி ஹாக்கென்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் பதிந்தவர், 1959-இல் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்தக் கூடம் கட்டினார். சாக்ஸஃபோன் அவர் பதிவில் எதிரே நின்று வாசிப்பதுபோல் இருக்கும். பியானோ மட்டும் கொஞ்சம் பெட்டிக்குள் அடைத்த மாதிரி ஒலிக்கும், அது நம் ஸ்பீக்கரின் கோளாறு அல்ல. அந்தக் கால ஸ்டீரியோ பிரதிகளில் பலவற்றில் ஊதுவாத்தியம் ஒரு காதிலும் ட்ரம்ஸ் மறு காதிலும் நிற்கும். ஸ்பீக்கரில் தொந்தரவில்லை. ஹெட்ஃபோனில் தலை வலிக்கும். மோனோ அமைப்பைப் போடவேண்டிய இடம் இது.

ஆட்களைப் பின்தொடரும் முறைக்கு என் பரிந்துரை, தலைவரை விட்டுவிட்டு பாஸ் கலைஞரைத் தொடர்வது. பால் சேம்பர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1957 செப்டம்பரில் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்', 1958 ஜனவரியில் பியானோ கலைஞர் சானி கிளார்க்கின் 'கூல் ஸ்ட்ரட்டின்', 1959 மார்ச், ஏப்ரலில் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', அதே ஆண்டு மே மாதம் கோல்ட்ரேனின் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்'. இரண்டு ஆண்டுக்குள் நான்கு ஆல்பம். முதல் இரண்டில் ட்ரம்ஸ் ஃபில்லி ஜோ ஜோன்ஸ், மூன்றாவதில் ஜிம்மி காப், மே மாதப் பதிவில் ஆர்ட் டெய்லர். பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு நான்கையும் ஒரு வாரம் கேட்டால், ட்ரம்மர் மாறும்போது அதே பாஸ் எப்படி நடை மாறுகிறது என்று புரியும். 'ப்ளூ ட்ரெய்ன்' ஆல்பத்தில் 'மொமெண்ட்ஸ் நோட்டிஸ்' பாட்டில் அவர் வில் போட்டு வாசிக்கும் தனியைத் தவறவிடாதீர்கள். 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' ஆல்பத்தில் வரும் 'மிஸ்டர் பி.சி.' இவர் பெயரில் அமைந்ததுதான்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பாட்டு 'ஸோ வாட்' கர்நாடக இசைக் காதுக்கு நேர்வழி. நான்கு தட்டு ஒரு பார் என்று எண்ணுங்கள். கரகரப்பிரியாவின் சுரங்களில் 16 பார், அதையே அரைச்சுரம் ஏற்றி 8 பார், இறங்கி வந்து 8 பார், ஆக 32. இதுதான் ஒரு சுற்று, பாட்டு முழுக்க இதேதான். ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் காப் சிம்பலில் ஓங்கி ஓர் அடி கொடுப்பார். மைல்ஸின் தனி அங்கே தொடங்குகிறது. அரைச்சுரம் ஏறும் இடம் எண்ணாமலே காதில் பட ஆரம்பித்தால், ஜாஸில் அமைப்பு என்றால் என்ன என்பது கைவந்துவிட்டது.

இதிலும் பிரதிச் சிக்கல் உண்டு. மார்ச் 2 அன்று பதிவான முதல் மூன்று பாட்டுகளும் சற்றே மெதுவாக ஓடிய டேப் எந்திரத்தில் பதிவானவை. சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். தொண்ணூறுகள் வரை வந்த பிரதிகள் அப்படித்தான். 1997 ரீமாஸ்டரில் திருத்தியது இன்று பரவலாகக் கிடைக்கிறது. கீபோர்டை வைத்துக்கொண்டு கூடவே வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: பழைய பிரதியோடு சுருதி சேராது.

அடுத்து சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்', 1960 டிசம்பர் 21, சுமார் 37 நிமிடம். இரண்டு நால்வர் குழுக்கள் ஒரே நேரத்தில். இடப்பக்கம் கோல்மன், டான் செர்ரி, ஸ்காட் லஃபாரோ, பில்லி ஹிக்கின்ஸ். வலப்பக்கம் எரிக் டால்ஃபி, ஃப்ரெடி ஹப்பார்ட், சார்லி ஹேடன், எட் பிளாக்வெல். மேலே சொன்ன மோனோ அமைப்பை இங்கே கட்டாயம் எடுத்துவிடவேண்டும். இதைக் கைபேசி ஸ்பீக்கரில் கேட்டு வெறும் கூச்சல் என்று ஒதுக்கியவர்கள், ஹெட்ஃபோனில் முதலில் இடக்காதுக் குழுவை மட்டும் கவனித்து முடிக்கட்டும். பிறகு வலக்காது. மூன்றாவது முறைதான் இரண்டும். இதே பாஸ் கலைஞர் லஃபாரோ ஆறு மாதம் கழித்து, 1961 ஜூன் 25 ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் பியானோ கலைஞர் பில் எவன்ஸோடு வாசித்தார். பதினோரு நாள் கழித்துச் சாலை விபத்தில் இறந்துபோனார். அந்த முழுத்தொகுப்பில் 'குளோரியாஸ் ஸ்டெப்' முதல் டேக்கில் ஒலி சட்டென்று அறுபடும். பிரதியில் கோளாறு இல்லை, அன்றைக்குப் பதிவின்போதே நடந்த தடங்கல் அது.

எல்லா ஜாஸும் ஒரே மூச்சில் வாசித்தது என்று நினைக்கவேண்டாம். 1956-இல் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் 'பிரில்லியண்ட் கார்னர்ஸ்' தலைப்புப் பாட்டு முழுதாக ஒருமுறைகூட அமையாமல், டேப்பை வெட்டி ஒட்டி முடித்தார்கள். 1969 ஆகஸ்டில் பதிவான மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ'வில் தயாரிப்பாளர் டியோ மசேரோ வெட்டி ஒட்டுவதையே இசையமைப்பாக்கினார்.

ஐம்பதுகளின் ஜாஸைத் தேடும்போது ஒரே ஆல்பம் இருபது வெவ்வேறு அட்டைகளோடு வரும். ஐரோப்பாவில் 1962 வரை வெளியான பதிவுகளுக்கு உரிமைக்காலம் ஐம்பது ஆண்டோடு முடிந்துவிட்டது; யாரும் எல்பியிலிருந்து நகலெடுத்து விற்கலாம். கண்டுபிடிக்க மூன்று அடையாளம்: அறுபது, எழுபது பாட்டுகள் கொண்ட 'ஆல்பம்', அசல் அல்லாத அட்டைப்படம், பதிப்புரிமை வரியில் அசல் நிறுவனத்தின் பெயர் இல்லாமை. பதிந்த தேதியும் ஆட்களும் தெரிய 78 தட்டுகளுக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சாண்டா பார்பராவின் இலவச இணையப் பட்டியலும், எல்பிகளுக்கு டிஸ்காக்ஸ் இணையதளமும் போதும். பழைய 78 தட்டுகளையே வாங்கி ஓட்டுபவர்கள் 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி மாட்டவேண்டும். எல்பி ஊசி தடத்தின் அடியில் உரசி இரைச்சலை மட்டும் அள்ளும்.

தாளத்தில் ஓர் எச்சரிக்கை. 1959-இல் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு பதிந்த 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கை, ஆனால் 3+2. கண்டசாபுவின் 2+3 கணக்கில் கைபோட்டால் சமம் தவறிக்கொண்டே இருக்கும். அதே ஆல்பத்தின் 'ப்ளூ ரோண்டோ'வில் ஒன்பது 2+2+2+3 ஆகப் பிரிகிறது. நம் லயத்தை ஜாஸ்காரர்கள் எடுத்து வாசிப்பதைக் கேட்க, விக்கு விநாயக்ராம் கடம் வாசித்த 'சக்தி' குழுவின் 1975 நேரடிப் பதிவையும், ருத்ரேஷ் மகந்தப்பா கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்த 2008-இன் 'கின்ஸ்மென்' ஆல்பத்தையும் எடுக்கலாம்.

காலங்களை ஒப்பிட வேறு எதையும்விட ஒரே பாட்டு நல்லது. 'பாடி அண்ட் சோல்': முதலில் 1939 அக்டோபர் 11 சாக்ஸஃபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ், மூன்று நிமிடம், இரண்டே சுற்று. முதல் சில பாருக்குப் பின் மெட்டை அவர் தொடுவதேயில்லை, கார்டுகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து 1960 கோல்ட்ரேன், அட்லாண்டிக் நிறுவனப் பதிவு. மெட்டு முழுதாக இருக்கும், அடியிலுள்ள கார்டுகள்தான் மாறியிருக்கும்.