கூலி: ஓடும் வாய்க்காலா, வறண்ட பள்ளமா?

பிரெஞ்சில் 'ஓடு, வழி' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் 'கூலே'. அமெரிக்க ஆங்கிலத்தில் அது 'கூலி' ஆனது. நாம் வேலைக்கு வாங்கும் கூலியோடு இதற்கு எந்த உறவும் இல்லை.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லஃபயெட் நகரப் பக்கம் கூலி என்றால் சின்ன ஓடை, இல்லையென்றால் மழைநீர் வடிகிற வாய்க்கால். வேர்ச்சொல்லின் ஈரம் அங்கே இன்னும் காயவில்லை.

வாஷிங்டன் மாநிலத்திலோ நேர் எதிர். அங்கே கிராண்ட் கூலி என்பது எரிமலைப் பாறைச் சுவர்களுக்கு நடுவே கிடக்கும் மாபெரும் பள்ளத்தாக்கு. அதற்குள் 'டிரை ஃபால்ஸ்': ஏறக்குறைய 120 மீட்டர் உயரம், 5 கிலோமீட்டருக்கு மேல் அகலம், ஆனால் ஒரு சொட்டுக்கூட விழாத அருவி. அடியில் குட்டைகள் மட்டும் தேங்கிக் கிடக்கின்றன. அந்த நிலப்பரப்பைப் பெருவெள்ளம் வெட்டியது என்று 1923-இல் ஜே. ஹார்லன் பிரெட்ஸ் எழுதியபோது சக நிலவியலாளர்கள் ஏற்கவில்லை. 1979-இல்தான் அவருக்கு நிலவியலின் உயரிய விருதான பென்ரோஸ் பதக்கம் கிடைத்தது.

வேருக்கு நெருக்கம் லூசியானாதான், சரி. ஆனால் என் மனம் வாஷிங்டன் பக்கமே சாய்கிறது. தண்ணீர் போய்விட்ட இடத்திலும் ஓட்டத்தின் பெயர் நின்றுவிட்டதே! அப்புறம் 1950-களில் கொலம்பியா ஆற்றுநீரை கிராண்ட் கூலி அணையிலிருந்து மேலே இறைத்தார்கள். கிராண்ட் கூலிப் பள்ளத்தாக்கின் வடபாதி இப்போது பேங்க்ஸ் ஏரி.