ஏழு வருடமாக ஒரு ஸ்லைடு வால்வு: அந்த அரைச் சுற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்

போன வாரம் நண்பர் ஒருவர், மேசைமேல் வைத்து ஓட்டும் சின்ன நீராவி என்ஜின் ஒன்றின் படத்தை அனுப்பி, "இதே என்ஜின்தானே உன்கிட்ட இருக்கு? விலையைக் குறைச்சிருக்காங்க, வாங்கலாமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட நேரத்தில் அந்த என்ஜினின், வால்வு இருக்கும் நீராவிப் பெட்டியின் மூடி கழன்று என் மேசைமேல் கிடந்தது. எட்டு ஸ்க்ரூவும் ஒரு கிண்ணத்தில். கிழிந்த கேஸ்கெட்டின் பாதி மூடியிலும் மீதி பெட்டியிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மனநிலையில் எழுதுகிறேன், அதற்குத் தகுந்தாற்போல் கழித்துக்கொண்டு படியுங்கள்.

என்ஜின் தெரிந்ததுதான். நின்ற வாக்கில் ஒற்றை சிலிண்டர், விட்டம் 25 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டமும் 25. இருபுறமும் நீராவி தள்ளும் வகை. பக்கவாட்டில் டி வடிவ ஸ்லைடு வால்வு, அதாவது மேலும் கீழும் சறுக்கி சிலிண்டரின் இரு முனைக்கும் நீராவியை மாற்றி மாற்றி விடும் தட்டை வால்வு. நான் ஓட்டுவது 3 பார் அழுத்தத்தில். ஃப்ளைவீல் அழகு, வார்ப்பு சுத்தம், பெயின்ட் இன்னும் உரியவில்லை. அவற்றைப் பற்றி இதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

என் பிரச்சினை வால்வை இழுக்கும் கம்பியான ஸ்பிண்டிலின் நுனியில், Y போலப் பிளந்து இருக்கும் கவைதான்.

வால்வின் முதுகில் ஒரு காடி. அதில் ஒரு சதுர நட்டு உட்கார்ந்திருக்கும், ஸ்பிண்டில் அந்த நட்டுக்குள் மரை ஏறி நிற்கும். ஸ்பிண்டிலின் மறுமுனையில் கவை, அதில் ஒரு பின், பின்னுக்கு அப்பால் எக்சென்ட்ரிக் ராடு (சுழலும் அச்சிலிருந்து வால்வை ஆட்டும் தண்டு). வால்வை மேலே கீழே நகர்த்தி நேரம் சரிசெய்ய வேண்டுமென்றால் பின்னைக் கழற்றி ஸ்பிண்டிலைத் திருக வேண்டும். கவை ஸ்பிண்டிலோடு வெள்ளிப் பற்று வைத்து ஒட்டியது. ஆகவே திருகினால் அரைச் சுற்று, இல்லையென்றால் முழுச் சுற்று. கால் சுற்றில் நிறுத்தினால் கவை குறுக்கே நிற்கும், பின் ஏறாது.

மரை 3 மில்லிமீட்டர், புரியிடை (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 0.5. அரைச் சுற்று என்றால் வால்வு 0.25 நகரும். இந்த அளவு என்ஜினில் பிஸ்டன் முனைக்கு வந்து நிற்கும்போது நீராவித் துளை 0.1 அளவுக்குத் திறந்திருந்தால் போதும். அதைத்தான் லீட் என்கிறோம். நமக்கு வேண்டியது 0.1, கையில் இருப்பதோ 0.25 அளவுள்ள படிக்கட்டு! சரியான இடம் இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்தால் ஒரு முனையில் லீட் 0.22, மறுமுனையில் துளை இன்னும் திறக்கவே இல்லை. என் என்ஜினுக்கு விதிவசமாக அப்படித்தான் விழுந்தது. மேலே தள்ளும்போது ‘டக்’, கீழே தள்ளும்போது ஒரு நொடி யோசித்துவிட்டு ‘டொக்’. வேகமாக ஓடினால் தெரியாது. மெதுவாக ஓட்டினால் கால் உளுக்கியவன் மாடிப்படி ஏறுவது போலக் கேட்கும். மெதுவாக ஓட்டத்தானே நீராவி என்ஜின் வாங்குகிறோம்?

இரண்டு வருடம் பொறுத்தேன். ஒவ்வொரு முறையும் மூடியைத் திற, ஃபீலர் கேஜ் விட்டுப் பார், அரைச் சுற்று திருகு, மூடு, கேஸ்கெட்டைக் கிழி, புதிதாக வெட்டு. அதே நொண்டி, இந்த முறை மறுகாலில்.

பிறகு கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தேன். கவையை அறுத்தெடுத்துவிட்டுப் புதுக் கவை ஒன்றைக் கடைந்து, ஸ்பிண்டிலின் அந்த முனையிலும் மரை போட்டு, லாக் நட்டு வைத்தேன். இனி பின்னைத் தொடவே வேண்டாம், லாக் நட்டைத் தளர்த்தி ஸ்பிண்டிலை எந்தக் கோணத்துக்கும் திருகலாம் என்று ஒரே பெருமை. திருகினேன். வால்வு அசையவில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று. ஸ்பிண்டில் ஜாலியாக நகர்கிறது, வால்வு மட்டும் போட்ட இடத்தில் போட்டபடி. மரை அழிந்துவிட்டதோ என்று எல்லாவற்றையும் கழற்றிக்கூடப் பார்த்தேன்.

விஷயம் இதுதான்: இரண்டு முனையிலும் ஒரே வலது மரை, ஒரே புரியிடை. ஒரு போல்ட்டில் இரண்டு நட்டைப் பிடித்துக்கொண்டு போல்ட்டை மட்டும் திருகினால் நட்டுகளுக்கு இடையே உள்ள தூரம் மாறாது. போல்ட்தான் இரண்டுக்கும் நடுவே ஊர்ந்து போகும். இது புரிய எனக்கு ஒரு மாலை நேரம் முழுதாகத் தேவைப்பட்டது. கவையின் பக்கம் மட்டும் 0.35 புரியிடைக்கு மாற்றினேன். இப்போது ஒரு முழுச் சுற்றுக்கு வால்வு நகர்வது 0.5 கழித்தல் 0.35, அதாவது 0.15. கால் சுற்றுக்கு 0.04க்கும் குறைவு. மூடியைத் திறக்கவே வேண்டாம். நீராவியை நிறுத்து, கால் சுற்று திருகு, மறுபடி ஓட்டிக் காது கொடுத்துக் கேள். ‘டக், டக், டக், டக்.’ முதல் தடவை அப்படிக் கேட்டபோது தண்ணீர் தீரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

என்ஜினைச் செய்தவர்களே இதை முதலிலேயே செய்திருக்கலாம். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு லாக் நட்டும் வேறு அளவு மரையும்தான் கூடுதல். செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டதற்கு "அரைச் சுற்றிலேயே நன்றாக ஓடும்" என்று பதில் வந்தது. ஓடத்தான் செய்யும்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். ஸ்லைடு வால்வு என்ற சங்கதியின் மேல் எனக்குக் கோபமே இல்லை. 1799இல் பொறியாளர் வில்லியம் மர்டாக்கின் காப்புரிமையில் நீளமான டி வால்வு இருந்தது. 1802இல் இன்னொரு பொறியாளர் மேத்யூ மர்ரே அதைக் குட்டையாக்கித் தன் பெயரில் காப்புரிமை வாங்கினார். வால்வு முகம் கண்ணாடி போலத் தட்டையாக இருந்தாக வேண்டும், அந்தக் காலத்தில் அது உளியும் அரமும் கொண்டு கையால் செய்யும் வேலை. அதற்காகவே மர்ரே ஓர் இழைப்பு இயந்திரத்தைக் கட்டி, வெளியாள் கண்ணில் படாமல் பூட்டிய அறையில் வைத்திருந்தாராம். எமரி தாளைக் கண்ணாடிமேல் ஒட்டி, வால்வு முகத்தை 8 வடிவில் தேய்க்கும்போதெல்லாம் அந்தப் பூட்டிய அறை நினைவுக்கு வரும்.

இந்த வால்வின் பெரிய குணம், தேய்ந்தாலும் கசியாது. பின்னாலிருந்து நீராவியே அதை முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. தேயத் தேய இன்னும் நன்றாகப் படியும். ஏழு வருடத்தில் என் வால்வு முகம் மங்கலான வெள்ளி நிறத்துக்கு வந்துவிட்டது, ஒரு கோடு கிடையாது. நின்ற என்ஜின் ஆகையால் அழுத்தம் இல்லாதபோது வால்வு முகத்தை விட்டுச் சற்றே விலகித் தொங்கும். ஸ்டாப் வால்வைத் திறந்ததும் நீராவி நேராக வெளியேற்றக் குழாயில் சீறும், பிறகு ‘க்ளக்’ என்று ஒரு சத்தம், சீறல் நின்றுவிடும். தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பிப்பது போல. அது எனக்குப் பிடிக்கும்.

தண்ணீர் விஷயத்திலும் இது தங்கம். குளிர்ந்த சிலிண்டரில் நீராவி நுழைந்தால் முதலில் தண்ணீராகத்தான் மாறும். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் வால்வு (தட்டையாக இல்லாமல் உருளையாக இருக்கும் வால்வு) என்ஜின் வைத்திருந்த இன்னொரு நண்பர் வடிகுழாயைத் திறக்க மறந்து ஓட்டி, கனெக்டிங் ராடை வளைத்துக்கொண்டார். ஸ்லைடு வால்வு அந்த அழுத்தத்தில் முகத்தை விட்டு எழும்பித் தண்ணீருக்கு வழிவிடும். நானும் பலமுறை மறந்திருக்கிறேன், துப்பிவிட்டு ஓடியது.

இதற்கெல்லாம் விலை உராய்வு. என் வால்வு 15க்கு 14 மில்லிமீட்டர். 3 பாரில் அதன் முதுகில் 63 நியூட்டன். இது பொம்மை. பெரிய ரயில் என்ஜினில் 18க்கு 10 அங்குல வால்வு, சதுர அங்குலத்துக்கு 160 பவுண்டு அழுத்தம் என்று வைத்து மேலோட்டமாகப் பெருக்கினால் 28,800 பவுண்டு, ஏறத்தாழ 13 டன். அதை இழுத்து இழுத்துத் தள்ளுவதிலேயே எண்ணெயும் தெம்பும் போய்விடும். அதனால்தான் முதுகில் பட்டைகளை வைத்து நீராவியை ஒதுக்கும் ரிச்சர்ட்சன் வகைச் சமனிட்ட வால்வுகள் வந்தன. பிறகு கொதிநிலைக்கும் மேலே சூடாக்கிய மிகைச்சூட்டு நீராவி வந்ததும் தட்டை முகங்களில் எண்ணெய் நிற்கவில்லை, பிஸ்டன் வால்வு இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இனி போன மாத வேலை. கூடவே வந்த வால்வுக்கு லேப் கிடையாது. அதாவது நடுவில் நிற்கும்போது வால்வின் உதடு துளையைச் சரியாக மூடும், ஒரு மயிரிழைகூட மிஞ்சாது. விளைவு, பிஸ்டன் ஓட்டம் முடியும்வரை பாய்லர் நீராவி உள்ளே வந்துகொண்டே இருக்கும்; விரிந்து வேலை செய்ய அதற்கு வாய்ப்பே கிடையாது. உதட்டை நீட்டினால் துளை சீக்கிரம் மூடும், உள்ளே மாட்டிய நீராவி விரிந்து தள்ளும்.

வால்வின் நகர்வைக் கணக்கிட உதவும் குஸ்டாவ் சாய்னரின் வட்டப்படத்தை வரைகட்டத் தாளில் போட்டுப் பார்த்தேன். எக்சென்ட்ரிக்கின் மையவிலகலை 2.5இலிருந்து 3 ஆக்கி, லேப் 1.5, லீட் 0.1 என்று வைத்தால் எக்சென்ட்ரிக்கை 32 டிகிரி முன்னால் தள்ள வேண்டும். பிஸ்டன் ஓட்டத்தின் 73 சதவீதத்தில் நீராவி நிற்கும். கிட்டத்தட்ட கால்வாசி நீராவி மிச்சம். தள்ளும் வேலையில் இழப்பு, தாளில், நூற்றுக்கு ஐந்துதான். முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ தப்பு விட்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். பெரிய ஆட்களுக்கே இது உறைக்கக் காலம் பிடித்தது. 1925இல் இங்கிலாந்தில் இரண்டு ரயில்வேக்கள் என்ஜின்களை மாற்றி ஓட்டிப் பார்த்தபோது, நீண்ட லேப்பும் நீண்ட ஓட்டமும் கொண்ட கிரேட் வெஸ்டர்னின் ‘காசில்’ வகை, தன்னைவிடப் பெரிய என்ஜினைவிடக் குறைந்த நிலக்கரியில் வேலையை முடித்தது. தோற்றுப்போன ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் கிரெஸ்லி, ‘பசிபிக்’ வகையான தன் பெரிய என்ஜின்களின் வால்வு ஓட்டத்தை நீட்டினார். மைலுக்கு 50 பவுண்டு போல எரித்தவை 40க்கும் கீழே இறங்கின. அவை பிஸ்டன் வால்வுகள், ஆனால் கணக்கு ஒன்றுதான்.

புது வால்வை வெண்கலத்தில் கடைந்தேன். நீளம் 18. இங்கே இரண்டு எச்சரிக்கை. நீண்ட வால்வு, நீண்ட ஓட்டம், இரண்டும் சேர்ந்தால் பெட்டிக்குள் இடம் போதுமா என்று பாருங்கள்: எனக்கு 24 தேவைப்பட்டது, உள்ளே இருந்தது 26, இரு பக்கமும் 1 மில்லிமீட்டர் மிச்சம். அடுத்து, பழைய வால்வு ஏழு வருடம் தேய்த்த இடம் ஓர் எல்லையில் நின்று அங்கே ஒரு படி உண்டாகியிருக்கும், நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். புது வால்வு அந்தப் படியின்மேல் ஏறி இறங்கினால் கசியும். சிலிண்டர் முகத்தையும் கண்ணாடியில் தேய்த்து நீலம் தடவி எங்கே படிகிறது என்று பார்த்தாக வேண்டும்.

பலன்? ஒரு முறை நிரப்பினால் 11 நிமிடம் ஓடியது இப்போது 13 நிமிடம். தாள் சொன்னது 15. சின்ன சிலிண்டரில் சுவர் குளிர்ச்சியே பாதி நீராவியைத் தின்றுவிடுகிறது, விரிய விடுவதற்கு எஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் சத்தம் மாறிவிட்டது. முன்பு ஒவ்வொரு வெளியேற்றமும் பலூன் வெடிப்பது போல இருக்கும், இப்போது மெத்தென்று ‘புஃப்’. அதுவே போதும் எனக்கு. வால்வு பெரிதானதில் முதுகுச் சுமையும் ஏறிவிட்டது: 76 நியூட்டன், ஏழரைக் கிலோவுக்கு மேல். ஏழரை என்றால் யார் என்று உங்களுக்கே தெரியும். நேற்று மூடியின் இடது கீழ் மூலையில் மறுபடி ஆவி கசிய ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் இது மூன்றாவது கேஸ்கெட்.

ஆக, வால்வு சொக்கத்தங்கம், தேய்ந்தாலும் கசியாது, மறதியைப் பொறுத்துக்கொள்ளும், திருத்தித் திருத்திக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல என்ஜின் எனக்குத் தெரியாது. நண்பருக்கு நான் அனுப்பிய பதில்: வாங்காதே.

"இவ்வளவு புகழ்ந்துட்டு ஏன்யா?" என்றார். செய்பவர்கள் அந்தக் கவையை இன்னும் மாற்றவில்லை, புதிதாக வருவதும் அதே அரைச் சுற்றுதான், அதனால்தான். மீறி வாங்கினால் 3க்கு 0.35 மரை வெட்டும் டேப்பும் டையும் சேர்த்து வாங்கிக்கொள். என்னுடையதைக் கேட்காதே.