மல்டி கேஷ்: வீட்ல உக்காந்து கணக்கா, நேர்ல நடையா?

ஜியோகேஷிங்னா ஜிபிஎஸ் வச்சி, ஒளிச்சி வச்ச டப்பாவைத் தேடுற வெளையாட்டு; அதுல ஒவ்வொரு எடமா க்ளூ புடிச்சி கடைசி டப்பாவுக்குப் போறதுதான் மல்டி கேஷ். ராயபுரம் பக்கம் அதைத் தேட ரெண்டு வழி. வீட்லயே மேப்பைத் தொறந்து, ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் தொறந்த வருஷம் 1856, நாலு நம்பரையும் கூட்டினா 20னு கோஆர்டினேட்ல (அடுத்த எடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகை நம்பர்) போட்டுடலாம், வெயில் மிச்சம். ஆனா தூண் எத்தனைன்னு க்ளூ கேட்டா அவ்ளோதான், மேப்புல மரம் மறைக்கும். கோஆர்டினேட்ல டிகிரிக்கு அடுத்து வர்ற மினிட்ல 0.001 தப்பினா ரெண்டு மீட்டர்கூட வராது, 0.1 தப்பினா 180 மீட்டர், நான் ஒருவாட்டி 8ஐ 9னு போட்டு காசிமேடு மீன் ஏலத்துக்கு நடுவுல போனைப் புடிச்சிக்கினு நின்னேன், "இன்னாபா தேடுற"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க, என்னத்த சொல்றது!

நடந்து போனா வேர்த்து ஊத்தும், ஆனா ஒவ்வொரு ஸ்டேஜும் கண்ணால பார்த்துட்டுதான் அடுத்தது. நான் நடைக்குத்தான், காலைல ஆறு மணிக்கே. வருஷக் கணக்கு மட்டும் முந்தின நாளே குறிச்சி வச்சிப்பேன்.