பொட்டுத் துளையா, கிளை மரமா? ஆதி ஊர்வனவற்றைப் பிரிக்க எது தாங்கும்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஊர்வனவற்றின் வம்ச மரம் ஒன்றைச் சுவர்ப்படமாக வரைந்து கொடுக்க வேண்டியிருந்தது. வழி இரண்டு. மண்டையோட்டுத் துளைகளை எண்ணிப் பிரிக்கும் பழைய முறை ஒன்று. புதிதாகத் தோன்றிய பண்புகளில் எவை எவை பொதுவாக இருக்கின்றன என்று பார்த்துக் கிளை பிரிக்கும் முறை இன்னொன்று. நான் இரண்டாவதை எடுத்தேன்.

முதலாவதில் வசதி அதிகம், மறுக்கவில்லை. கண்குழிக்குப் பின்னால், நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் துளை இல்லையென்றால் அனாப்சிட். கீழே ஒன்று மட்டும் இருந்தால் சினாப்சிட். மேலும் கீழுமாக இரண்டு என்றால் டயாப்சிட். 1903-ல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஆஸ்பார்ன் தொடங்கிவைத்ததைப் பின்னால் வந்தவர்கள் விரித்தார்கள். ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிடலாம். பாலூட்டிகள் வந்த சினாப்சிட் கிளையில் பெரிய தகராறும் இல்லை. ஊர்வன என்ற பெயரை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

தகராறெல்லாம் பராமரிப்பில்தான். புதுப் புதைபடிவம் ஒன்று கிடைக்கும்போது எதை எவ்வளவு திருத்த வேண்டியிருக்கிறது?

அனாப்சிட் பட்டியலைப் பாருங்கள். கனடாவின் ஜாகின்ஸ் கடலோரப் பாறைகளில், கல்லாகிப்போன மரத்தூர்களுக்குள் கிடைத்த ஹைலோனோமஸ், சுமார் 31 கோடி ஆண்டுப் பழமை, இருபது சென்டிமீட்டர் நீளம். அதோடு கனத்த உடம்புப் பேரியாசார், நீரில் வாழ்ந்த மீசோசாரஸ், இன்றைய ஆமை. எல்லாம் ஒரே கூட்டம்! காரணம், துளை இல்லை. ஆனால் துளையின்மை மூதாதையரிடமிருந்து அப்படியே வந்த பழைய நிலை. அது இரண்டு விலங்குகளுக்கும் இருக்கிறது என்பதாலேயே அவை நெருங்கிய உறவாகிவிடாது.

சரி, துளை இல்லை என்பதாவது உறுதியா? மீசோசாரஸ் மண்டையில் கீழ்த்துளை உண்டு என்று 2012-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதன் உறவினரான பொலோசார்களிடமும் துளை இருக்கிறது. பழைய முறையில் இவற்றின் பெயர்ப்பலகையையே கழற்ற வேண்டும்.

ஆமை விஷயம் இன்னும் மோசம். தென்னாப்பிரிக்காவில் கிடைத்த யூனோட்டோசாரஸ் சுமார் 26 கோடி ஆண்டுப் பழமை. அகன்ற விலா எலும்புகள், ஓட்டுக்கு முன்னோடி என்று பலர் கருதுவது. அதன் மண்டையை 2015-ல் ஸ்கேன் செய்து பார்த்தபோது, குட்டியில் மேல்துளை திறந்தே இருந்தது. வளர்ந்ததில் பக்கத்து எலும்பு ஒன்று நீண்டு அதை மறைத்திருந்தது. அதே ஆண்டு ஜெர்மனியிலிருந்து விவரிக்கப்பட்ட, ஆமையின் பழைய உறவினரான பாப்போகெலிஸில் இரண்டு துளைகளும் தெரிந்தன. அப்படியானால் ஆமையின் மூடிய பொட்டு ஆதியிலிருந்தே மூடியதல்ல, பிற்பாடு பூசி அடைத்த ஜன்னல். 2013-ல் வந்த ஆமை மரபணு ஆய்வும் ஆமையை டயாப்சிட்களான முதலை, பறவைகளின் பக்கம்தான் வைத்தது.

கிளை மரத்தில் இதற்கெல்லாம் ஒரு கிளையைக் கழற்றி வேறிடத்தில் ஒட்டினால் போதும், மற்றவை நிற்கும். பழையதில் அனாப்சிட் என்ற பிரிவே அர்த்தமிழந்துவிடுகிறது.

அதற்காகக் கிளை மரம் ஆடாது என்று நினைக்க வேண்டாம். பேரியாசார், மீசோசாரஸ் போன்றவற்றைச் சேர்த்த பாராரெப்டைல் கூட்டம் டயாப்சிட்களுக்கு வெளியிலா, அவற்றோடு நெருக்கமா என்பதில் அண்மை ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை. யூனோட்டோசாரஸ் ஆமையின் முன்னோடி என்பதையும் எல்லோரும் ஏற்கவில்லை. நான் மாதிரிகளைக் கையில் எடுத்துப் பார்த்தவன் இல்லை. ஆய்வுப் படங்களை வைத்துச் சொல்வதுதான். ஆகவே படத்தில் பாராரெப்டைல் கிளையையும் யூனோட்டோசாரஸையும் புள்ளிக்கோட்டில் விட்டேன். ஆமையை முதலைக்குப் பக்கத்தில் முழுக்கோட்டில் போட்டேன். துளைக் கணக்கு ஓரத்தில், மண்டையோட்டுப் படங்களாக மட்டும்.